அஞ்சு கடையின் கடைசி மதியம்

ஊரில் யாரைக் கேட்டாலும் இன்னமும் ‘அஞ்சு கடைக்காரங்க’ என்றுதான் சொல்வார்கள். இருப்பது என்னவோ ஒரே ஒரு கடை. மில் கடை, மார்க்கெட் கடை, ஆஸ்பத்திரிக் கடை, பஸ் ஸ்டாண்ட் கடை என்று நாலும் ஒன்றன் பின் ஒன்றாக ஷட்டரை இறக்கிவிட்டன. மிஞ்சிய ஸ்டேஷன் கடையும் இன்று சாயங்காலம் நாலு மணியோடு சரி.

கட்டியவர் அப்பா, அவர் இப்போது உயிரோடு இல்லை. மூடுகிறவன் மகன். வாசலுக்குப் பக்கத்தில், கல்லா மேஜையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவள் மகள்.

மகளை வேலையாட்கள் ‘கல்லாக்கா’ என்பார்கள். இருபது வருஷமாக அந்த மேஜையைவிட்டு அவள் நகர்ந்ததில்லை. பேரும் அதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே ‘மூக்கன்’ என்று பேர். மூக்கு ஒன்றும் பெரிசில்லை. தெருமுனை திரும்பும்போதே வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது, அதில் என்ன குறைகிறது என்று சொல்லிவிடுவான். அதற்காக அம்மா வைத்த பேர். அப்பாவுக்குப் பிறகு ஐந்து கடைகளின் ருசியும் அவன் பொறுப்பில் வந்தது. அவன் ஒரு கரண்டி வாயில் வைத்து, “ம், அனுப்பு” என்று சொல்லாமல் ஒரு கிண்ணம்கூட அடுப்படியைத் தாண்டாது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்த ரகளை தெருமுனை வரைக்கும் கேட்டது. “அப்பா கட்டினதை ஒவ்வொண்ணா வித்துத் தின்னு தீர்த்துட்டியேடா! இனிமே என் முகத்துல முழிக்காதே!” என்று கல்லாக்கா தொண்டை கிழியக் கத்தினாள். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். அம்மா தடுக்கவில்லை. மில் கடையை மூடிய நாளிலிருந்தே அம்மா அவனிடம் தேவைக்கு ஒரு வார்த்தை, போதாக்குறைக்கு ஒரு பார்வை என்றுதான் இருந்தாள்.

அன்றிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே தூது, சமையல் மாஸ்டர்தான்.

“மாஸ்டர், ரொட்டி இன்னும் ரெண்டு தட்டு வேணும்னு அவன்கிட்ட சொல்லுங்க.”

அவன் மாஸ்டரின் தோளை உரசிக்கொண்டு நின்றிருந்தான்.

“ரொட்டி வெந்துட்டு இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லுங்க மாஸ்டர்.”

மாஸ்டர் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை தலையைத் திருப்பினார். “ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? எனக்குக் கழுத்து சுளுக்கினா யாரு பார்க்கிறது?” என்று முனகிக்கொண்டே உள்ளே போனார்.

கடையில் நிற்க இடமில்லை. மூடப்போகிறார்கள் என்றதும் ஊரே திரண்டு வந்திருந்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்தார்கள் என்று கேட்கத் தோன்றியது கல்லாக்காவுக்கு. பக்கத்துத் தெருவில் குளிர்பதனம் போட்ட கடை திறந்ததும் அங்கே தாவியவர்கள், வீட்டுக்கே சாப்பாடு வரவழைத்துக்கொண்டு இந்தப் பக்கம் எட்டியே பார்க்காதவர்கள், எல்லோரும் இன்றைக்குக் குடும்பத்தோடு வந்து நாற்காலிக்கு முட்டி மோதினார்கள்.

“நான் காலேஜ் படிக்கும்போது இந்த மேஜையிலதான் உட்காருவேன்” என்று ஒருவர் தன் பெண்ணிடம் காட்டினார். பெண் போனைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

கல்லாக்காவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எழுந்தாள். மேஜை இழுப்பறையைத் திறந்து எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினாள். வாசலுக்குப் போய் வரிசையைப் பார்த்தாள். திரும்பி வந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள்.

நடுக்கூடத்தில் மாஸ்டரை நாலு பேர் பிடித்து நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆயுசு முழுக்க அடுப்படிப் புகையில் நின்ற மனிதர், இத்தனை பேர் தோளில் கை போடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. வெட்கத்தில் தலைத்துணியை எடுப்பதும் போடுவதுமாக இருந்தார்.

பரிமாறுகிறவர் ஒருவர் உண்டு. நடந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் ‘ஓட்டம்’ என்று பேர். அவர் கல்லாவுக்கு ஓடி வந்தார்.

“கல்லாக்கா, தண்ணி ஜக்கு எல்லாம் காலி. ரொப்ப ரொப்பத் தீருது. இன்னிக்கு என்ன, வந்தவங்க எல்லாம் பாலைவனத்துல இருந்தா வந்திருக்காங்க?”

“கூட்டம் ஜாஸ்தி, அதான்.”

“கூட்டம் ஜாஸ்தின்னா சாப்பாடும்தானே ஜாஸ்தி போகணும்? தண்ணிதான் போகுது.”

கல்லாக்கா கூடத்தைப் பார்த்தாள். உண்மைதான். ஒரு வாய் சூப், அரை டம்ளர் தண்ணீர் என்று எல்லாரும் ஒரே தாளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னலோரம் ஓய்வுபெற்ற தபால்காரர் உட்கார்ந்திருந்தார். இந்தக் கடையை ஒருநாளும் விடாத மனிதர். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டு முடித்து, கண்ணில் தண்ணீரோடு எழுந்து வந்தார்.

“எப்படி இருந்துச்சு சார்?”

“அதுக்கென்னம்மா, நல்லா இருந்துச்சு.”

“நிஜமாச் சொல்லுங்க.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “கடைசி நாளும் அதுவுமா குறை சொல்லக் கூடாதேன்னு பார்த்தேன். சூப்பு... கொஞ்சம் கடல்தண்ணி மாதிரி இருந்துச்சு.”

கல்லாக்கா ஓட்டத்தின் தட்டிலிருந்து ஒரு கிண்ணத்தை இழுத்தாள். ஒரு கரண்டி வாயில் வைத்தாள். நாக்கு மடங்கிப் போயிற்று. உப்பு! வாயில் வைக்க வழியில்லாத உப்பு. அஞ்சு கடைக்குப் பேர் வாங்கிக்கொடுத்த பருப்பு சூப் அது. இத்தனை பேரும் ஒரு வார்த்தை சொல்லாமல், செத்தவர் வீட்டில் சாப்பிடுகிற மாதிரி மரியாதைக்காக விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

“ஓட்டம், சூப்பை நிறுத்துங்க. ஒரு கிண்ணம் போகக் கூடாது.”

கல்லாவைப் பூட்டினாள். அடுப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மூக்கன் அண்டாவுக்கு முன்னால் கரண்டியோடு நின்றிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் ரொட்டி அடுப்பு. கல்லாக்கா தூதையெல்லாம் மறந்துபோனாள்.

“சூப்பை ருசி பார்த்தியா நீ?”

அவன் திகைத்தான். ஒரு வாரத்துக்குப் பிறகு அக்கா நேராகப் பேசுகிறாள். “பார்த்தேனே.”

“பார்த்து?”

“சரியா இருந்துச்சு. அனுப்பச் சொன்னேன்.”

“சரியா இருந்துச்சா? கடைசி நாள்தானே, எவன் எப்படிப் போனா என்னன்னு அலட்சியமாடா? வெளியே ஜனங்க தண்ணியைக் குடிச்சு வயித்தை ரொப்பிட்டு இருக்காங்க!”

“கத்தாதே. நான் பார்த்துட்டுத்தான்...”

அவன் அண்டாவிலிருந்து இன்னொரு கரண்டி அள்ளி, அவள் முன்னாலேயே வாயில் விட்டு விழுங்கினான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. “சரியாத்தான் இருக்கு” என்றான்.

கல்லாக்கா அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தாள். அப்போதுதான் அந்த வாடை வந்தது. ரொட்டி கருகுகிற வாடை. முதலில் லேசாக, அப்புறம் மூக்கைக் குத்துகிற மாதிரி. காய் நறுக்குகிற அம்மாள் கத்தியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். பாத்திரம் கழுவுகிறவர் தலையை நீட்டினார். கூடத்திலிருந்து மாஸ்டர் ஓடி வந்தார்.

அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்ற மூக்கன் மட்டும் திரும்பவில்லை. “என்ன எல்லாரும் இப்படிப் பார்க்கிறீங்க?” என்றான்.

மாஸ்டர் அவனை நகர்த்திவிட்டு அடுப்பைத் திறந்தார். கரும்புகை குபுக்கென்று வெளியே வந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவன் ஓர் அடி பின்வாங்கினான்.

மாஸ்டர் கருகிய தட்டை இறக்கி வைத்துவிட்டு, சூப்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் வெளுத்தது. “நான் உப்புப் போட்டுட்டுத்தான் வெளியே போனேன்...”

“ஐயோ, போடலைன்னு நினைச்சு நானும் போட்டுட்டேனே” என்று காய் நறுக்குகிற அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் யாரையும் திட்டவில்லை. மூக்கனைத்தான் பார்த்தார். ‘உன்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டேனே’ என்கிற பார்வை. மூக்கன் தலையைக் குனிந்துகொண்டான். கல்லாக்கா கருகிய தட்டையும் தம்பியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆனால் வெளியே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அழுவதற்கும் விசாரிப்பதற்கும் நேரம் இல்லை.

“மாஸ்டர், அந்த இன்னொரு அண்டாவுல என்ன?”

“அடுத்த ரவுண்டுக்குப் பருப்பு வேகுது. இன்னும் உப்பு போடலே.”

“இதுல பாதியை எடுத்துக் கொட்டுங்க. மீதியை அதோட கலக்குங்க. உருளைக்கிழங்கு வெந்தது இருந்தா மசிச்சுக் கொண்டாங்க.”

சொன்னவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே நீளக் கரண்டியைப் பிடித்தாள். கலக்கினாள். ருசி பார்த்தாள். இன்னும் கரித்தது. கிழங்கைச் சேர்த்துக் கொதிக்கவிட்டாள். மறுபடி பார்த்தாள். உப்பு அடங்கிவிட்டது, ஆனால் சூப் செத்துக் கிடந்தது. பூண்டைத் தட்டி எண்ணெயில் சிவக்க வதக்கிக் கொட்டினாள். எலுமிச்சையைப் பிழிந்தாள். ஒரு கரண்டி எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா காலத்து சூப்பு இது இல்லை. அதைவிட ஒரு பிடி காரசாரமாக, கொஞ்சம் துடுக்காக இருந்தது. அவளுக்குப் பிடித்திருந்தது.

“அனுப்புங்க” என்றாள்.

அந்த வார்த்தையை அந்த அடுப்படியில் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

பத்து நிமிஷத்தில் ஓட்டம் காலிக் கிண்ணங்களோடு பறந்து வந்தார். “இன்னொரு தடவை கேக்கிறாங்க! தபால்காரர் வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து உட்கார்ந்துட்டார்!”

கல்லாக்கா கையைத் துடைத்தாள். “மூக்கா, இங்கே வா” என்று தம்பியை அழைத்துக்கொண்டு, மூட்டைகள் அடுக்கியிருந்த பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“எப்போலேருந்து?”

அவன் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தான். “அந்தக் காய்ச்சல் வந்துதே, அப்போலேருந்து. மூக்கு மொத்தமாப் போச்சு. நாக்கும் கூடவே போச்சு. வாயில எதைப் போட்டாலும் ஈரக் காகிதம் மாதிரிதான் இருக்கு.”

“டாக்டர்?”

“வந்தாலும் வரலாம், வராமலும் போகலாங்கிறார்.”

“அப்போ இவ்வளவு நாளா ‘ம், அனுப்பு’ன்னது?”

“மாஸ்டர் முன்னாடியே பார்த்துடுவார். சரியா இருந்தா கரண்டியை அண்டா விளிம்புல வெச்சிருப்பார். இல்லேன்னா மேஜையில இருக்கும். அதைப் பார்த்துட்டு நான் சொல்லுவேன். இன்னிக்கு அவரை போட்டோ எடுக்கக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கரண்டி விளிம்புலேயே கிடந்துது.”

கல்லாக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. கோபத்தை விட்டாள். “அதுக்காகக் கடையையே மூடுவியா? நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் வாசல்ல உட்கார்ந்திருக்கேனே, என்கிட்ட சொல்ல வாய் வரலையா?”

“நீ அடுப்படிக்கு வரக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தார். ‘அவ புகையில நிக்க வேணாம், கல்லாவுல மகாராணி மாதிரி உட்காரட்டும்’னு.”

“மகாராணியா? மேஜைக்குப் பின்னாடி இருபது வருஷமா சில்லறை குடுக்கிற மகாராணியை எங்கேயாவது பார்த்திருக்கியா நீ?”

அவன் சிரிக்கவில்லை. “கடையை மூடினது ருசிக்காக இல்லேக்கா. ஒருநாள் மில் கடையில கேஸ் கசிஞ்சுது. அடுப்படி முழுக்க நிறைஞ்சிருந்திருக்கு. நான் நடுவுல நின்னுட்டு, விளக்கு ஸ்விட்சுல கை வெச்சுட்டேன். மாஸ்டர் மட்டும் அந்த நேரம் வந்து என் கையைத் தட்டிவிடலேன்னா... உள்ளே ஆறு பேர் இருந்தாங்க அக்கா. அன்னிலேருந்து எந்த அடுப்படிக்குள்ளே நுழைஞ்சாலும் விளக்கைப் போடவே எனக்குப் பயமா இருக்கு. மில் கடையை மூடினேன். அப்புறம் மத்தது. என்னால முடியலே.”

கல்லாக்கா பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை தான் கத்தின வார்த்தைகள் ஒவ்வொன்றும் காதில் திரும்ப விழுந்தன. வித்துத் தின்னு தீர்த்துட்டியேடா.

“திருப்பிச் சொல்லியிருக்கலாமேடா, நான் அவ்வளவு பேசினப்போ.”

“அம்மா பக்கத்துல இருந்தாங்க.”

“இருந்தா?”

“அந்தக் காய்ச்சல்ல படுத்துக் கிடந்தவனை எழுப்பி, ‘ஒரு நாள் போய்ப் பார்க்கலேன்னா கடை கெட்டுப் போயிடும், எழுந்திரு’ன்னு அனுப்பினது யாரு? அம்மாதானே. மழையில நனைஞ்சுதான் போனேன். அன்னிக்கு ராத்திரிதான் காய்ச்சல் முத்திச்சு, மூக்கும் போச்சு. அவங்களுக்குத் தெரிஞ்சா, அன்னிக்கு அனுப்பாம இருந்திருந்தா, அனுப்பாம இருந்திருந்தான்னே மருகிச் சாவாங்க. என்னைத் திட்டிட்டுப் போகட்டும். அது பரவாயில்லே.” அவன் அவள் கையைப் பிடித்தான். “சத்தியமா அம்மாகிட்ட சொல்லக் கூடாது நீ.”

அவள் அவன் கையைப் பார்த்தாள். சின்ன வயதில் இந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாள்.

“சொல்லலே” என்றாள்.

நாலு மணிக்கு மருந்துக் கடைக் கம்பெனியின் ஆள் வந்தார். இந்த இடத்தில் இனி மாத்திரை விற்கப் போகிறார்கள். நல்ல மனிதர்தான், வரிசையில் நின்றவர்கள் முறைத்த முறைப்பில் நெளிந்துகொண்டு ஓரமாக நின்றார். கடைசிக் கிண்ணம் காலியான பிறகுதான் சாவியை வாங்கினார்.

“இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போட முடியாதா?” என்று கல்லாக்கா அவரிடம் கேட்டே விட்டாள்.

“என் கையில இல்லீங்களே” என்றார் அவர். மூக்கன் அவள் முழங்கையைத் தொட்டு, வேண்டாம் என்று தலையசைத்தான்.

ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. மாஸ்டர் ஒரு பக்கம், ஓட்டம் ஒரு பக்கம், நடுவில் அக்காவும் தம்பியுமாகத் தொங்கி இழுத்தார்கள். தடதடவென்று இறங்கியது. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். அஞ்சு கடை இல்லாமல் போயிற்று.

ஓட்டம் அன்றைக்குத்தான் மெதுவாக நடந்து போனார். மாஸ்டர் மட்டும் போகாமல் நின்றார்.

“இன்னிக்கு அந்தப் பூண்டு வதக்கிப் போட்டீங்களே கல்லாக்கா... எனக்குத் தோணவே இல்லே” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அக்காவும் தம்பியும் நடந்தார்கள். தெரு முழுக்க வண்டிகளின் இரைச்சல். அவளுக்குள்ளே இன்னும் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. கால் தானாக வேகமெடுத்தது. அவன் பின்தங்கிப் பின்தங்கி ஓடி வந்தான்.

“நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம்.”

“போயாச்சு அக்கா.”

“நான் வரலேல்ல? மறுபடியும் போறோம்.”

அம்மா வீட்டுக் கதவு திறந்திருந்தது. அம்மா கடைசி நாளைப் பார்க்கக் கடைக்கு வரவில்லை. சாப்பாட்டு மேஜையருகே நின்றிருந்தாள். பிள்ளைகள் இருவரும் சேர்ந்து படியேறுவதைப் பார்த்ததும் அவள் புருவம் உயர்ந்தது. அடுப்பு மேடையிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்து வந்தாள்.

“மூக்கா, இது காலையில வாங்கின பால். காய்ச்ச மறந்துட்டேன். நல்லா இருக்கா, கெட்டுப் போச்சான்னு மோந்து பாரு.”

அம்மா அவனிடம் இத்தனை வார்த்தை பேசி எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன. அவன் முகம் மலர்ந்துவிட்டது. பாத்திரத்தை மூக்கருகே கொண்டுபோய், பழையபடி கண்ணை மூடி இழுத்தான்.

“நல்லாத்தாம்மா இருக்கு.”

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கல்லாக்காவுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. புளித்த நெடி.

“அப்படியா?” என்றாள் அம்மா. பாலை ஒரு டம்ளரில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். “அப்போ குடி. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே.”

அவன் கையை நீட்டினான். அம்மாவின் கண் டம்ளரில் இல்லை, அவன் முகத்தில் இருந்தது.

கல்லாக்கா நாலே எட்டில் கூடத்தைக் கடந்து டம்ளரைப் பறித்தாள்.

“பசி உயிர் போகுது எனக்கு. அவன் அப்புறம் குடிக்கட்டும்.”

மூச்சுவிடாமல் குடித்தாள். திரிந்த பால் கட்டி கட்டியாகத் தொண்டையில் இறங்கியது. குமட்டிக்கொண்டு வந்தது. உதட்டைத் துடைத்துக்கொண்டு, முகம் மாறாமல் சிரித்தாள்.

“நல்லாத்தாம்மா இருக்கு.”

மூக்கன் ஒன்றும் புரியாமல் அக்காவைப் பார்த்தான். பிறகு புரிந்து, அவன் கண் கலங்கியது.

அம்மா காலி டம்ளரைக் கையில் எடுத்து மோந்து பார்த்தாள். மகளை ஒரு பார்வை, மகனை ஒரு பார்வை பார்த்தாள். நடந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

“உட்காருங்க ரெண்டு பேரும். எப்போலேருந்து?” என்றாள்.